பூவாத்தாள் பிக்கப்பும் ரெண்டு வெரக்கடையும்

உடுமலைப்பேட்டைப் பக்கம் தோப்புத் தோப்பாக் குனிஞ்சு தேங்கா பொறுக்குனவதான் பூவாத்தா. நாப்பது தாண்டி லைசென்சு எடுத்து, பழைய பிக்கப்பு ஒண்ணை வாங்கிப்போட்டா. இனி பொறுக்கற சோலியே கெடையாது, ஏத்திட்டுப் போறதுதான்னு கெத்தா உக்காந்துட்டா. புருசன் ஆறுச்சாமி தங்கமான மனுசன். ஆனா கிளட்சு எது, பிரேக்கு எதுன்னு தெரியாது. பக்கத்து சீட்டுல உக்காந்து வெத்தலை மெல்லுவாரு, அவ்வளவுதான்.

போன மாசம் வண்டிக்கு என்னமோ ஆயிப்போச்சு. நேரா போகோணும்னா ஸ்டேரிங்கைப் பீச்சாங்கைப் பக்கம் ஒடிச்சே புடிக்கோணும். பின்னாடி நின்னு பார்த்தா வண்டி நண்டு கணக்கா ஒருச்சாஞ்சு போகுது. அலைன்மெண்டு கடையில ரெண்டு தடவை கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தானுங்க. முன்சக்கரம் ரெண்டையும் திருகி உட்டுப்போட்டு, "சரியாப் போச்சுங்கக்கா"ன்னானுங்க. என்ன எழவு சரியாச்சு? அதே கோணல்தான்.

கடைசியில தேங்கா மண்டி கேட்டுத் தூணுல வண்டியோட பின்பாடி உரசி, தூணோட பூச்சே பேர்ந்துபோச்சு. மண்டி மொதலாளி பாலுசாமி வேட்டியத் தூக்கிக் கட்டிக்கிட்டு வந்தாரு.

"ஏம்மா பூவாத்தா, வண்டி கோணலா, ஓட்டறவ கோணலா?"

மூட்டை தூக்கறவனுங்க பூராம் பல்லைக் காட்டுனானுங்க.

"வண்டிதானுங்க."

"வண்டி இல்லம்மா, பொம்பளை கை. நாளைக்கு நேரா ஓட்டற ஆம்பளை ஒருத்தனைக் கூட்டியா. இல்லீன்னா லோடு வேற வண்டிக்குப் போயிரும்."

லோடு போனா மறுக்கா தோப்புல குனியோணும். அதுக்கு அந்தத் தூணுலயே முட்டிக்கலாம்னு இருந்துச்சு அவளுக்கு.

மக்யா நாளு காத்தால, வாசல்ல சாணி தெளிச்ச ஈரம் காயறதுக்குள்ள வண்டிய எடுத்துட்டா. ரோட்டுக்கு வந்ததும் ஆறுச்சாமி, "செருப்பை மறந்துட்டேன்"ன்னு எறங்கி ஓடுனாரு. திட்டறதுக்குன்னு எறங்குனவ, சிமெண்டு ரோட்டைப் பார்த்து அப்படியே நின்னுட்டா. சாணித் தண்ணியில டயர் தடம் பளிச்சுன்னு கெடக்குது. முன்சக்கரம் போன தடத்து மேலயே பின்சக்கரமும் போகோணும், ரெண்டு கோடுதான் உழுகோணும். இங்க நாலு கோடு. பின்சக்கரத்துக் கோடு ரெண்டும் பீச்சாங்கைப் பக்கமா ஒதுங்கிக் கெடக்குது.

"ஏனுங்க, செருப்பு கெடக்கட்டும், ஏறுங்க! கோளாறு முன்னால இல்ல, பின்னால!"

கணபதிங்கற ஊருல மெக்கானிக்கு பிரான்சிசோட ஒர்க்சாப்புலதான் போயி நிறுத்துனா.

"பிரான்சிசு, முன்சக்கரத்தைத் தொட்டீன்னா கையை ஒடிச்சுப்போடுவேன். பின்னால பாரு."

"பார்க்கறனுங்கக்கா. கை வேணுமுங்க எனக்கு."

அடியில படுத்தவன், மூட்டை தைக்கற சணல் ஒண்ணு கேட்டு வாங்குனான். பின்னாடி ஆக்சிலைத் தாங்கற வில்லுப் பட்டையோட முன்முனையில இருந்து ஆக்சில் வரைக்கும் சோத்தாங்கைப் பக்கம் அளந்து முடிச்சுப் போட்டான். அதே சணலைப் பீச்சாங்கைப் பக்கம் புடிச்சா ரெண்டு வெரக்கடை, ரெண்டு வெரல் அகலம், எட்டலை. அந்தப் பக்கம் ஆக்சிலே பின்னால தள்ளிப் போயிருக்குது. கழட்டிப் பார்த்தா, பட்டையோட நடு போல்ட்டுத் தலை ஆக்சில்ல அதுக்குண்டான குழியில எறங்காம, பக்கத்துல ஏறி உக்காந்திருக்குது.

"ஏனுங்கக்கா, கூட ஒரு பட்டை சேர்த்திருக்குது. எந்த மகராசன் மாட்டுனது? குழியவே பார்க்காம நட்டை முடுக்கிப்போட்டான்."

பூவாத்தாளுக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துருச்சு. "பாலுசாமி மொதலாளிதான். எச்சாக் காய் ஏத்தோணும்னு மண்டியிலயே ஜாக்கி வெச்சு, அவரு கையாலயே மாட்டுனாரு. நான் டீ குடிக்கப் போன நேரம் பாரு!"

எச்சாப் பட்டையக் கழட்டி, போல்ட்டைக் குழியில எறக்கி முடுக்கிட்டு, மூணு மணிக்கு மண்டிக்குத் திரும்புனா. பாலுசாமி கேட்டுலயே நின்னுக்கிட்டிருந்தாரு.

"ஆம்பளை எங்கம்மா?"

"பக்கத்து சீட்டுல இருக்காருங்க. வேணும்னா எறக்கிக்குங்க."

ஆறுச்சாமி வெத்தலை வாயோட கும்புடு போட்டாரு. அதுக்குள்ள வண்டி ரெண்டு தூணுக்கும் நடுவால, ஒத்தைக் கையில, வழுக்கிட்டு உள்ள போயிருச்சு. எறங்குனவ, கழட்டுன பட்டையக் கொண்டாந்து அவரு காலடியில டொம்முன்னு போட்டா.

"நீங்க மாட்டுனதுங்க. குழி ஒரு பக்கம், போல்ட்டு ஒரு பக்கம். பிரான்சிசு சிரியோ சிரின்னு சிரிச்சானுங்க."

மூட்டைக்காரனுங்க இப்ப வேற ஆளைப் பார்த்துப் பல்லைக் காட்டுனானுங்க. பாலுசாமி தலையச் சொறிஞ்சாரு.

"அது... அவசரத்துல... சரி உடு அம்மணி. டேய், என்னடா வேடிக்கை? ஏத்துங்கடா!"

"அளவா ஏத்தச் சொல்லுங்க. எச்சா ஒரு காய் வெச்சீங்கன்னாலும் உருட்டி உட்டுப்போடுவேன்."

"சரிம்மா, சரி."

பல்லடம் ரோட்டுல லோடோட போறப்ப பூவாத்தா ஸ்டேரிங்கை ஒரு நிமிசம் உட்டுப்போட்டு, ரெண்டு கையையும் தூக்கிக் காமிச்சா. வண்டி அம்பு கணக்கா நேரா போச்சு.

"அய்யோ சாமி, புடி புடி!"ன்னு கத்துனாரு ஆறுச்சாமி.