பக்க எண் தப்பிய கட்டுரை

எனக்குப் பொறுமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறுமை இருந்திருந்தால் ஒரு சீட்டில் நாலு விவரங்களைச் சரியாகப் பார்த்து எழுதியிருப்பேன். ஊர் முழுக்க மரம் வெட்டிச் சாலையில் போட்டிருந்த வாரத்தில் வேகாத வெயிலில் நடந்திருக்க மாட்டேன்.

அப்போது கல்வராயன் மலையில் ஓர் அரசு உறைவிடப் பள்ளியில் பூகோள ஆசிரியையாக இருந்தேன். சொந்த ஊர் திருக்கோவிலூர். வயது முப்பதைத் தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. "ஏன்?" என்று கேட்காதவர்கள் அந்தத் தாலுகாவிலேயே இல்லை. மலைக்கு மாற்றல் வந்தபோது மற்றவர்கள் எனக்காக உச்சுக்கொட்டினார்கள். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஆறு மாதம் போன பிறகுதான், கேள்வி கேட்பதற்குக்கூட ஆள் இல்லாத இடம் என்றால் என்ன என்று புரிந்தது.

பள்ளி வளாகத்தில் ஒரு மழைமானி இருந்தது. தினமும் காலை எட்டரை மணிக்கு அதைத் திறந்து, கண்ணாடிக் குவளையில் ஊற்றி அளந்து, நோட்டில் எழுத வேண்டும். பெய்யாவிட்டால் பூஜ்யம் என்று எழுத வேண்டும். முன்பிருந்தவர்கள் வேண்டாவெறுப்பாகச் செய்த வேலையை நான் பிடித்துக்கொண்டேன். அதிலிருந்து ஒரு கேள்வி முளைத்தது. ஆடி ஆவணியில் பகலெல்லாம் மேற்கிலிருந்து மேல்காற்று வீசிக் காய்ந்து கிடக்கும் மலையில், சாயங்காலம் மட்டும் திடீரென்று இடி இடித்து மழை ஏன் வருகிறது? அந்தக் கேள்வியை வைத்துக் கடற்கரை ஓரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் பகுதிநேரமாக எம்.ஃபில். பதிவு செய்தேன். மூன்று வருடம் நோட்டு நோட்டாக எழுதினேன். சொல்லிக்கொள்ள எனக்கு என்று இருந்தது அது ஒன்றுதான்.

என் பேராசிரியர் ஒருநாள் கறாராகச் சொன்னார். "உலகத்துல யாராவது இதை ஏற்கெனவே செஞ்சிட்டாங்களான்னு பாரும்மா. செஞ்சிருந்தா விட்டுடு. செய்யலைன்னா ஆவணி முடியறதுக்குள்ள எழுதிக் குடு."

உலகத்தில் யாராவது! சொல்வது எளிது. கள்ளக்குறிச்சிக் கிளை நூலகத்தில் தேடினால் வாரப் பத்திரிகையும் சோதிடமும் கிடைக்கும். பல்கலைக்கழக நூலகத்துக்குப் போக வேண்டுமானால் விடியற்காலை மலையிலிருந்து இறங்கும் ஒரே பஸ்ஸைப் பிடித்து, கள்ளக்குறிச்சியில் மாறி, உளுந்தூர்பேட்டையில் இன்னொரு தடவை மாறி, போய்ச் சேரும்போது மதியம் ஆகிவிடும். அன்றே திரும்ப முடியாது. மாணவியர் விடுதியில் ஒரு கட்டில் கெஞ்சி வாங்க வேண்டும்.

முதல் பயணத்தில் மர இழுப்பறைகளில் இருந்த நூற்பட்டியல் அட்டைகளைப் புரட்டினேன். மழை என்ற தலைப்பில் நெல்லும் ஏரியும் உரமும்தான் வந்தன. இரண்டாவது பயணத்தில் சுருக்கத் தொகுதிகள் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. காற்று மண்டலம், கடல் இரண்டையும் பற்றி எங்கெங்கோ வரும் ஆய்வுக் கட்டுரைகளின் சாரத்தை மட்டும் நாலைந்து வரிகளில் தொகுத்து, வருடத்துக்கு ஒரு தலையணைப் புத்தகமாகப் போட்டிருந்தார்கள். பின்னால், எந்தப் பொருள் எந்தக் குறிப்பில் என்று காட்டும் பொருள் அகராதி. கல்வராயன் என்று தேடினேன். என்ன அறியாமை! என் மலை எனக்குத்தான் உலகம், அகராதி போட்டவனுக்கு என்ன? மழை, மலை, இடி என்று தேடினேன். எல்லாம் வேறு வேறு கண்டத்து மலைகள். கையெல்லாம் தூசியோடு திரும்பினேன்.

எந்தச் சொல்லில் தேட வேண்டும் என்று கடைசியில் எனக்குக் காட்டிக்கொடுத்தது விடுதிச் சமையலறைப் புகை. சமையல்கார அக்கா அந்த மலைக்காரி. சாமை விதைத்துவிட்டு வந்து எங்களுக்குச் சோறு பொங்குபவள். நான் மழைமானி பக்கத்தில் நின்று வானத்தை அண்ணாந்து பார்ப்பது அவளுக்குச் சகிக்கவில்லை.

"மானத்தையே இன்னாத்துக்கு டீச்சரு பாத்துக்கினு நிக்கிறீங்க? பொகையப் பாருங்க. காலைலேருந்து கெழக்கால போய்க்கினு இருந்த பொகை, பொழுது சாயச்சொல்ல மேக்கால திரும்பும். திரும்பினாதான் மழை. இல்லாட்டி நாளெல்லாம் நின்னாலும் ஒண்ணுங் கெடையாது."

பார்த்தேன். அவள் சொன்னதுதான் நடந்தது. ஆறு மணிவாக்கில் புகை அப்படியே மடங்கி மேற்கே வகுப்பறைகளின் பக்கம் வந்தது. ஈரமான கீழ்க்காற்று. கிழக்கே கடல் எங்கே, நாங்கள் எங்கே! நான் மூன்று வருடமாக மழையைத் தேடிக்கொண்டிருந்தேன், தேட வேண்டியது காற்றை.

மூன்றாவது பயணத்தில் அகராதியில் கடல்காற்று என்பதற்கான ஆங்கிலச் சொல்லை எடுத்தேன். தொகுதி தொகுதியாக விரலை ஓட்டிக்கொண்டே போனேன். நூலகம் மூட மணி அடிக்கும் நேரத்தில் அது கிடைத்தது. நாலே வரி. நம் கீழைக் கடற்கரையிலிருந்து புறப்படும் கடல்காற்று உள்நாட்டு மலைகள்வரை போவது பற்றியும், அங்கே மாலையில் பெய்யும் மழை பற்றியும் ஒரு கட்டுரை. என் கேள்வி, வேறு ஒருவர் பெயரில்.

கட்டுரையை முழுதாகப் படித்தால்தான் எதையும் சொல்ல முடியும். அது வெளிவந்த இதழ் அந்த நூலகத்தில் இல்லை. எந்த இதழ் எந்த ஊர் நூலகத்தில் இருக்கிறது என்று காட்டும் பெரிய பட்டியலைப் பார்த்தால், வடக்கே ஓர் ஊரைக் காட்டியது. அங்கிருந்து ஜெராக்ஸ் வரவழைக்க ஒரு சீட்டு உண்டு. இதழ், தொகுதி, ஆண்டு, பக்கம் எழுத வேண்டும். உதவியாளர் சாவிக் கொத்தைக் குலுக்கிக்கொண்டு தலைக்குமேல் நின்றார். எழுதி நீட்டிவிட்டு வந்தேன். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். என் கை நுழைந்தது, தப்பான இடத்தில்.

ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. நான் கேட்ட பக்கம் அந்தத் தொகுதியில் இல்லை, மொத்தத்தில் அத்தனை பக்கங்களே அதில் இல்லை, சரியான விவரத்துடன் மறுபடி அனுப்பவும் என்று இருந்தது. நான் எழுதியது பக்க எண்ணே அல்ல. சுருக்கத் தொகுதியில் ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் தடித்த எழுத்தில் ஒரு வரிசை எண் போட்டிருப்பார்கள். அதைக் கொண்டுபோய்ப் பக்கம் என்ற கட்டத்தில் எழுதியிருக்கிறேன். உண்மையான பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளவே இல்லை. தலையில் அடித்துக்கொண்டேன். தலைப்பை வைத்துத் தேடிக் கொடுத்தால் குறைந்தா போய்விடுவார்கள் என்று அவர்களையும் திட்டினேன். ஆவணி முடிய இரண்டு வாரம் இருந்தது.

மறுநாள் விடியலில் பஸ் ஏறினேன். இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் என்று வானொலியில் கேட்டிருந்தேன்தான். ஆனால் நம் பஸ்ஸை யார் நிறுத்தப்போகிறார்கள் என்று ஓர் எண்ணம். பஸ் கச்சிராயபாளையத்தோடு நின்றுவிட்டது. மேற்கொண்டு போகாது என்று சொல்லிவிட்டார் டிரைவர். விறுவிறுவென்று நடந்தேன். கள்ளக்குறிச்சிக்கு இன்னும் பாதித் தூரம் இருக்கும்போது பெரிய புளியமரம் ஒன்று சாலைக்குக் குறுக்கே கிடந்தது. பச்சை இலை வாடவில்லை. அதன்மேல் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் அடுப்பு மூட்டிப் பெண்கள் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

"எங்கம்மா போறீங்க? ரோடு பூரா மரங் கெடக்குது. எந்த ஊரு? எந்த ஆளுங்க?" என்று ஒருவர் கேட்டார்.

அந்த வாரத்தில் எல்லாரும் எல்லாரையும் கேட்ட கேள்வி அது. நான் சாதியைச் சொல்லவில்லை. "மலையில டீச்சர். லைப்ரரிக்குப் போகணும்" என்றேன்.

"லைப்ரரிக்கா? ஆபத்து அவசரம்னா வுடலாம். இன்னா அவசரம்?"

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "ஒரு புஸ்தகத்துல ஒரு நம்பர் பாக்கணும். அவ்வளவுதான். ஒரே ஒரு நம்பர்!" என்று கத்திவிட்டேன்.

மரத்தின் மேலிருந்த எல்லாரும் சிரித்தார்கள். கேட்டவர் மட்டும் சிரிக்காமல் சொன்னார். "நாங்களுந்தாம்மா ஒரு நம்பருக்காவ ரோட்ல ஒக்காந்துக்கினு கீறோம். எங்களுக்கு இத்தினி சீட்டுன்னு ஒரு நம்பரு. எங்க புள்ளைங்களும் உங்கள மாதிரி லைப்ரரிக்குப் போவணும் இல்ல? கஞ்சி குடிச்சிட்டுத் திரும்பிப் போங்க. அந்தாண்ட போனா உங்களுக்குத்தான் கஷ்டம்."

அவர் கொடுத்த கஞ்சியைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். கச்சிராயபாளையத்தில் நின்றிருந்த பஸ் சாயங்காலம் என்னை ஏற்றிக்கொண்டு மேலே ஏறியது. அதோடு மலைக்கு பஸ் வருவதும் நின்றுவிட்டது.

அடுத்த ஏழு நாட்களைப் போல என் வாழ்வில் வேறு நாட்கள் இல்லை. பெற்றோர்கள் வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மற்ற ஆசிரியர்கள் முன்பே கீழே இறங்கிப் போயிருந்தார்கள், அக்காவும் தன் ஊருக்குப் போய்விட்டாள். தபால் இல்லை, பேப்பர் இல்லை. வளாகத்தில் நான் ஒருத்தி. முதல்நாள் காலை மழைமானியைப் பார்த்து "பூஜ்யம்" என்று உரக்கச் சொன்னேன். என் குரலே எனக்கு யாருடையதோ போலக் கேட்டது. மத்தியானம் உட்கார்ந்து அழுதேன். எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது. பக்க எண்ணுக்காக மட்டும் இல்லை.

சாயங்காலம் ஆனதும் கால் தானாகச் சமையலறைக்குப் போனது. புகை இல்லாமல் காற்று திரும்புவதை எப்படிப் பார்ப்பது? ஒரு பள்ளிக்கூடத்துக்கே பொங்கும் அந்தப் பெரிய அடுப்பை, ஒரு குவளை வெந்நீருக்காக ஈர விறகு வைத்து மூட்டினேன். வெளியே வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து ஐம்பதுக்குப் புகை மடங்கியது. நோட்டில் எழுதினேன். ஏழு நாளும் மூட்டினேன், ஏழு நாளும் எழுதினேன். ஒருநாள் ஆறு மணியைத் தாண்டியும் வரவில்லை. வராமல் போய்விடுமோ என்று யாரோ விருந்தாளிக்குக் காத்திருப்பது போலத் தவித்தேன். ஆறேகாலுக்கு வந்தது. "வந்துட்டியா" என்றேன். கேட்க ஆளில்லாததால் வெட்கப்படவும் இல்லை.

சாலை திறந்தபின் நூலகத்துக்குப் போய் அந்த எண்ணை எடுத்தேன். இந்தத் தடவை மூன்று முறை சரிபார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். எல்லாமே முடங்கிக் கிடந்ததால் பேராசிரியரும் தவணை கொடுத்தார். மார்கழியில் ஜெராக்ஸ் வந்து சேர்ந்தது.

மழைமானிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். எல்லாம் இருந்தது. நான் கேட்டது, சந்தேகப்பட்டது, சொல்ல நினைத்தது, எல்லாம். நான் பாவாடை சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன காலத்திலேயே, வானிலைத் துறையில் இருந்த ஒருவர் சமவெளி நிலையங்களின் கணக்குகளை வைத்து அந்தக் காற்றை மணிக்கு மணி பின்தொடர்ந்து மலையடிவாரம்வரை கொண்டுவந்திருந்தார். அதற்கு மேல் காற்றைக் குறிக்க நிலையம் இல்லை, அந்தி வேளையில் காற்று மலைமேல் சேரும் என்று எதிர்பார்க்கப்படுகிறது என்று முடித்திருந்தார். முகம் தெரியாத அந்த மனிதர்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

பேராசிரியரிடம் காட்டினேன். "மலைமேல வருதுன்னு நான் பார்த்திருக்கேன் சார்" என்றேன். "அது ஒரு வரிம்மா. ஒரு வரிக்குப் பட்டம் குடுக்க மாட்டாங்க. விட்டுடு" என்றார். அவர்மேல் தப்பில்லை. மூன்று வருட நோட்டுகளையும் டிரங்குப் பெட்டியில் போட்டு மூடினேன்.

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போகவில்லை. அந்தக் கடுப்பில் ஓர் அஞ்சலட்டை எடுத்தேன். கட்டுரையின் அடியில் ஓர் அலுவலக முகவரி இருந்தது. பெயர் நம் பக்கத்துப் பெயராகத் தெரிந்ததால் தமிழிலேயே எழுதினேன். "ஐயா, கீழ்க்காற்று மலைமேல் வரும் என்று எதிர்பார்க்கப்படுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எதிர்பார்க்க வேண்டாம். வருகிறது. சமையலறைப் புகை திரும்புவதை வைத்து நான் ஏழு நாள் குறித்த நேரங்கள் கீழே." ஏழு நேரங்களையும் எழுதிப் போட்டுவிட்டு மறந்துவிட்டேன். மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டேன்.

சித்திரையில் ஒரு கடிதம் வந்தது. என் அட்டை மூன்று முகவரிகள் மாறிப் போய்ச் சேர்ந்ததாம். அவருடைய மகள் எழுதியிருந்தார். "அப்பா ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிறது. இப்போது படுக்கையில் இருக்கிறார், பேச்சும் குறைந்துவிட்டது. உங்கள் அட்டையைப் படித்துக் காட்டினேன். அந்தக் கட்டுரையைப் பற்றி இத்தனை வருடத்தில் அவருக்கு யாரும் ஒரு வரி எழுதியதில்லை. அட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார். தினமும் என்னிடம் ஒன்றையே கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை, அதனால் உங்களைக் கேட்கிறேன். நேற்று எத்தனை மணிக்கு வந்தது?"

கடிதத்தை நின்றபடியே இரண்டு தடவை படித்தேன். டிரங்குப் பெட்டியைத் திறந்து நோட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். அக்கா உலை வைத்திருந்தாள். இன்னும் புகை கிழக்கேதான் போய்க்கொண்டிருந்தது. "ஈர விறகா ரெண்டு போடுங்க" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் விறகை எடுத்து உள்ளே தள்ளினாள். இருவரும் வாசலில் நின்றோம்.

"டீச்சரு, வந்துடுச்சுங்க" என்றாள் அவள்.

ஐந்து நாற்பது. அட்டையில் அதை மட்டும் எழுதி, மறுநாள் விடியற்காலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினேன். அன்று சாயங்காலத்துக்கு இன்னொரு அட்டை எடுத்து வைத்தேன்.