காலிப் பெட்டிகள் அடுக்கிய தட்டு

கப்பலில் சாமான் வராத அந்த வருஷத்தில் என் கடைத் தட்டுகளை நிரப்பியிருந்தவை காலிப் பெட்டிகள். வெளிநாட்டுச் சாமான் இறக்க நாட்டில் டொலர் இல்லை என்றார்கள். நான் சரக்கு எடுக்கும் கொழும்பு மொத்தக் கடைக்காரர் முதலில் கேட்டதில் பாதி அனுப்பினார். பிறகு அதுவும் குறைந்தது. கடைசியில் போனை எடுப்பதையே விட்டுவிட்டார்.

கண்டி டவுனில் இருக்கிறது என் கடை. வீட்டு பல்பும் சுவிட்சும் நான் விற்பதில்லை. மோட்டார் ஓடுகிற இடங்களுக்கு வேண்டிய சாமான்கள்தான் என் வியாபாரம். தேயிலைத் தொழிற்சாலைகள், அரிசி மில்கள், பிலிமத்தலாவைப் பக்கத்துப் பித்தளைப் பட்டறைகள் எல்லாம் என்னைத் தேடி வரும். அதிகம் போவது கொன்டாக்டர். பச்சைப் பட்டனை அமத்தினால் 'டக்' என்று உள்ளே இழுத்து மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கிற, சிவப்பை அமத்தினால் விட்டுவிடுகிற பெரிய சுவிட்ச் அது.

கடை போடுவதற்கு முன் ஹந்தானைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீசியனாக இருந்தேன். அதனால் கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க எனக்கு முடியாது. எந்த மோட்டார், என்ன செய்கிறது என்று விசாரித்த பிறகுதான் தட்டுக்குக் கை போகும். பலருக்குச் சாமானே தேவைப்படாது. எங்கோ ஒரு வயர் கழன்றிருக்கும், ஒரு ஸ்க்ரூ இறுகாமல் இருக்கும். ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டி அனுப்பிவிடுவேன். அதில் எனக்குப் பெரிய பெருமை. மற்றக் கடைக்காரர்கள் சாமான் விற்கிறார்கள், நான் பிரச்சினையைத் தீர்க்கிறேன் என்று கல்யாண வீடுகளில் கூடச் சொல்லியிருக்கிறேன்.

தட்டுகள் ஒவ்வொன்றாகக் காலியாகத் தொடங்கியபோது எனக்குப் பொறுக்கவில்லை. வெறும் தகரத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது உடுப்பில்லாமல் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அதனால் சாமானை மட்டும் கையில் கொடுத்துவிட்டுப் பெட்டியை நான் வைத்துக்கொள்ளத் தொடங்கினேன். மூடியை ஒட்டி, எழுத்து வெளியே தெரியும்படி பழைய இடத்திலேயே அடுக்கினேன். என் மனைவி ஒரு நாள் வந்து பார்த்தாள். ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்து, கனமில்லாததைக் கண்டு, அதே இடத்தில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

யாராவது பெட்டியைக் காட்டிக் கேட்டால், அது ஒருத்தர் புக் பண்ணினது என்பேன். கேட்டவர்கள் பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பொய் சொல்கிற மாதிரியே எனக்குத் தோன்றவில்லை. கடையின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன்.

ஒரு நாள் காலை, கறுப்பு அபாயா போட்ட ஒரு பெண் வந்தார். என்னைவிடச் சில வயது இளையவராக இருக்கும். அக்குறணையில் மிளகாயும் மல்லியும் அரிசியும் அரைத்துக் கொடுக்கிற மில் வைத்திருப்பதாகச் சொன்னார். புருஷன் கட்டாரில் டிரைவர். மோட்டார் நின்றுபோய்விட்டதாம். வந்து பார்த்த எலக்ட்ரீசியன் கொன்டாக்டர் எரிந்துவிட்டது, புதிது வாங்கி வாருங்கள் என்றானாம். போனில் அதன் படத்தைக் காட்டினார். நான் பதில் சொல்வதற்குள் அவருடைய கண் தட்டுக்குப் போய்விட்டது.

"அந்தா ஈக்குதே அண்ணன். அதேதான்."

அது புக் பண்ணினது என்றேன். பெருநாள் கிட்டி வருகிறது, ஊர்ச் சனத்தின் மிளகாய் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, அந்த ஆளிடம் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள் என்றார். அவர் கொழும்பில் என்றேன். நம்பர் தந்தால் நானே பேசுகிறேன் என்றார். நம்பர் என்னிடம் இல்லை என்றேன். வாய் திறந்த ஒவ்வொரு முறையும் ஒரு பொய் வந்தது. இத்தனைக்கும் மோட்டாருக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கவே இல்லை. அந்தப் பெட்டியை அவர் கண்ணிலிருந்து விலக்குவதிலேயே என் புத்தி முழுக்க இருந்தது.

அவர் போனைக் கைப்பைக்குள் வைத்தார். போகப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"எனக்கித் தர விருப்பமில்லாட்டி நேரா செல்லுங்க அண்ணன். காலைல ஏறின ரெண்டு கடையிலயும் இல்லண்டுதான் சென்னாங்க. அபாயாவப் பாத்துத்தான் செல்றாங்கண்டு எனக்கி வெளங்காதா?"

குரலை உயர்த்திச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். பக்கத்தில் வயர் அளந்து வாங்க வந்த பிலிமத்தலாவைப் பட்டறைக்காரர் நின்றுகொண்டிருந்தார். சிங்களவர், ஆனால் தமிழ் நன்றாக விளங்கும். அவர் கையிலிருந்த வயரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அந்த இடத்தில் நான் உடனே வாயைத் திறந்து அப்படி இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கொஞ்ச நேரம், ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான், எது மேல் என்று மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். இவர் அப்படியே நினைத்துக்கொண்டு போனால் என் பெட்டிகள் தப்பிக்கும். உண்மையைச் சொன்னால் பட்டறைக்காரருக்கும் தெரிந்துவிடும், பிலிமத்தலாவை முழுக்கத் தெரிந்துவிடும். ஒரு மனுஷியை அபாயாவுக்காகத் திருப்பி அனுப்பியவன் என்ற பெயரையும் வெறும் பெட்டி அடுக்கிய கடைக்காரன் என்ற பெயரையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்தவன் நான். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பட்டறைக்காரர் பார்வையை எடுக்காமல் நின்றதால்தான் ஸ்டூலில் ஏறினேன் என்று நினைக்கிறேன். பெட்டியை எடுத்து, மேசையில் வைத்து, ஒட்டிய மூடியைக் கிழித்துத் திறந்தேன். அந்தப் பெண் குனிந்து உள்ளே பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தித் தட்டு முழுவதையும், மேலிருந்து கீழே, ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். விளங்கிவிட்டது. பட்டறைக்காரர் பிறகு வருகிறேன் என்று சிங்களத்தில் முணுமுணுத்துவிட்டு, வயரை வாங்காமலே படியிறங்கிப் போனார்.

"இதுக்காகவா அண்ணன்?" என்று மட்டும் அந்தப் பெண் கேட்டார். குரலில் கோபம் இல்லை. அவருக்கே வெட்கமாக இருந்தது போல முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

வழக்கமாக முதலில் கேட்க வேண்டியதை அப்போதுதான் கேட்டேன். மோட்டார் எப்படி நின்றது? பச்சைப் பட்டனை அமத்தினால் ஒரு சத்தமும் இல்லை என்றார். உறுமலும் இல்லை, 'டக்' என்றும் இல்லை. எரிந்த வாடை வந்ததா என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றார். எரியாத ஒன்றுக்காக இந்த மனுஷி கடை கடையாக அலைகிறார் என்று எனக்கு அங்கேயே சந்தேகம் வந்தது. நானே வந்து பார்க்கிறேன் என்றேன்.

அவர் முன்னால் போனார். பைக்கில் பெற்றோல் இல்லாததால் கடையை மூடிவிட்டு அடுத்த பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனேன். மில் அவருடைய வீட்டுக்குப் பின்னால் இருந்தது. மாமியார் கதிரையைப் போட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். சுவரோரமாகப் பைகள், மூட்டைகள். நான் போய்ச் சேர்ந்தபோது கரண்ட் வெட்டியிருந்தார்கள். என் வேலைக்கு அது வசதிதான்.

பெனல் பெட்டியைத் திறந்து மீட்டரை வைத்துப் பார்த்தேன். கொன்டாக்டரை உள்ளே இழுக்கிற கம்பிச் சுருளான கொயில் நன்றாக இருந்தது. அடுத்தது சிவப்புப் பட்டன். சும்மா இருக்கும்போது அதன் வழியாகக் கரண்ட் ஓட வேண்டும். அமத்தினால்தான் அறுபட வேண்டும். மீட்டர் அசையவில்லை. கழற்றித் திறந்தபோது உள்ளே மிளகாய்த்தூள் எண்ணெயோடு சேர்ந்து களியாகி, இரண்டு செப்புத் துண்டுகளுக்கும் நடுவில் அப்பிக் கிடந்தது. தும்மித் தும்மித் துடைத்தேன். முழு வேலையும் அவ்வளவுதான்.

பிறகு கரண்ட் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். குடிக்கச் சங்கடமாக இருந்தது. கடையிலேயே விசாரித்திருந்தால் வீட்டுக்குப் போய்ச் சிவப்புப் பட்டனைத் துடையுங்கள் என்று சொல்லி அனுப்பியிருப்பேன். இந்தப் பேச்சு எதுவுமே நடந்திருக்காது. சாமான் எதுவும் எரியவில்லை, அழுக்குத்தான் என்று அவரிடம் சொன்னேன். சொல்லும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் சிரித்துவிட்டார். "அப்ப அந்தப் பொட்டில சாமான் இருந்து நீங்க தந்திருந்தாலும் மோட்டார் ஓடியிருக்காது. அல்லாஹ்தான் காப்பாத்தின."

"மன்னிச்சிருங்க தங்கச்சி" என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து விளக்கு எரிந்தது. அவர் எழுந்து போய்ப் பச்சைப் பட்டனை அமத்தினார். கொன்டாக்டர் இழுத்தது, மோட்டார் எடுத்தது, மாமியார் வாசலிலிருந்தபடியே கையேந்தித் துஆக் கேட்டார். மூட்டைக்காரர்களுக்குப் போன் பண்ணத் தொடங்கினார் மருமகள்.

அதற்குப் பிறகு அக்குறணையிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஐஸ் பெட்டிக்காரர், பேக்கரிக்காரர், மர ஆலை வைத்திருந்தவர். எல்லாரையும் அனுப்பியது அவர்தான். என்ன சொல்லி அனுப்பினார் என்பதைப் பேக்கரிக்காரர் மூலம் தெரிந்துகொண்டேன். கண்டியில் ஒரு தமிழ் அண்ணன் இருக்கிறார், சாமான் இல்லாவிட்டால் பெட்டியைத் திறந்து காட்டி இல்லை என்று சொல்கிற மனிதர், அவரிடம் பொய் கிடையாது என்றாராம். ஊரில் அந்தக் கதை அப்படித்தான் போயிருக்கிறது. அதற்கு முன் நடந்த பேச்சை அவர் யாருக்கும் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்ற நினைத்தாரா, அவருக்கு நினைவில் நின்றதே அவ்வளவுதானா, எனக்குத் தெரியாது.

இப்போது சாமான் தாராளமாக வருகிறது. போன மாதம் அவர் மருமகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். மில்லுக்கு இரண்டாவது மோட்டார் போடப் போகிறார்களாம். இந்த அண்ணனை நம்பி எதையும் கேட்கலாம் என்று என் முன்னாலேயே அவனிடம் சொன்னார். அவன் மரியாதையாகக் கை கொடுத்தான். நான் கையைக் கொடுத்துவிட்டு, எத்தனை குதிரைவலு மோட்டார் என்று கேட்டபடி தாளைத் தேடுகிறவன் போல மேசைக்குக் கீழே குனிந்துகொண்டேன்.