கூடம் வரைக்கும் நாலு கோடு

ராமசுப்ரமணியன் தன் ஆயுளில் எத்தனை பொய் சொல்லியிருப்பார் என்று கேட்டால், 2008 மே மாதம் வரைக்கும் ஒரு கை விரலே போதும். முப்பத்திமூன்று வருஷம் திருவனந்தபுரத்தில் ஒரு சர்க்கார் ஆபீசின் தபால் பிரிவில் உட்கார்ந்து, கடிதம் வந்த தேதியையும் போன தேதியையும் எழுதிய மனிதர். மேலதிகாரி ஒருவர் "ஒரே ஒரு நாள் முன்தேதி போடுங்க சாமி" என்று கெஞ்சியபோது, பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து டீ குடிக்கப் போனவர். அப்பேர்ப்பட்ட ஆள், ரிட்டயராகி நாலாவது வருஷம் பொய் சொல்ல ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் ஒரு பக்கத்தோடு நிறுத்தவில்லை. இரண்டு பக்கமும் சொன்னார்.

மனைவி சாவித்ரிக்கு வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்துவிட்டு அப்படியே தைத்துவிட்டார்கள். "வீட்டுக்குக் கொண்டு போங்க, கேக்கறதைக் கொடுங்க" என்று டாக்டர் வராந்தாவில் நின்று சொன்னார். கேட்கிறதைக் கொடு என்றால் என்ன அர்த்தம் என்று ஐம்பத்தொன்பது வயசுக்காரருக்கு யாரும் உரை எழுதித் தர வேண்டியதில்லை. சாவித்ரியிடம் அல்சர் என்றார். அமெரிக்காவில் இருந்த ஒரே மகள் பத்மஜாவிடம் மஞ்சள் காமாலை என்றார்.

பத்மஜாவுக்கு அப்போது எட்டாம் மாசம். அதற்கு முன்னால் இரண்டு தடவை தங்காமல் போய், இது ஒன்றுதான் நின்றிருந்தது. கட்டிலை விட்டு இறங்காதே என்று அங்கே சொல்லியிருந்தார்கள். அம்மா போகப் போகிறாள் என்று தெரிந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டாவது விமானம் ஏறிவிடுவாள், அவளைப் பெற்றவருக்குத் தெரியாதா? அம்மாவைக் காப்பாற்ற முடியாது, வயிற்றில் இருப்பதையாவது காப்பாற்றலாம் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் அவர் எத்தனை ராத்திரி தூங்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் டெலிபோனில் குரல் காட்டிக்கொடுத்துவிட்டது.

"அம்மா குரல் ஏன் கிணத்துக்குள்ளேர்ந்து வர மாதிரி இருக்கு? அப்பா, நீ எதையோ மறைக்கறே," என்றாள் பத்மஜா. "அடுத்த ஞாயித்துக்கிழமை கார்த்தாலே ஏழு மணிக்கு கம்ப்யூட்டர்ல அம்மா மூஞ்சியைக் காட்டு. இல்லேன்னா நான் டிக்கெட் போடறேன்."

"காட்டறேம்மா. அதுக்கென்ன, பேஷா காட்டறேன்," என்றார் அவர். ஃபோனை வைத்த பிறகுதான் விஷயம் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு எட்டு நாள் இருந்தது.

வீடு கோட்டைக்குள், அக்ரஹாரத்தில். ரயில் பெட்டியைப் போல நீளம். தெருவைப் பார்த்து ரேழி, அடுத்து கூடம், அடுத்து சமையல்கட்டு, அதற்கும் பின்னால் வலது பக்கம் திரும்பினால் கொல்லைப்புற அறை. குளியலறை பக்கத்தில் இருக்கிறது என்று சாவித்ரியை அங்கே படுக்க வைத்திருந்தது. டெலிபோன், இன்டர்நெட் பெட்டி எல்லாம் ரேழியில். மாப்பிள்ளை போன வருஷம் கொண்டுவந்து கொடுத்த லாப்டாப்பில் கூடம் வரைக்கும் வைஃபை நன்றாகக் கிடைக்கும். சமையல்கட்டில் திணறும். கொல்லைப்புற அறையில் செத்துவிடும்.

அப்படியானால் சாவித்ரியைக் கூடத்துக்குக் கொண்டு வந்தால் தீர்ந்தது, இதற்குப் போய் ஒரு மனிதன் தலையைப் பிய்த்துக்கொள்வானா என்று கேட்பவர்கள், அந்த வீட்டில் பிறக்காதவர்கள். அங்கே நோயாளியைக் கட்டிலிலிருந்து இறக்கிக் கூடத்துத் தரைக்குக் கொண்டு வருவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். மூச்சு அடங்கப்போகிற நேரத்தில், தூணோரமாக, தெற்கே தலை வைத்துப் படுக்க வைப்பார்கள். அவருடைய அப்பா அந்த இடத்தில்தான் போனார். அக்கா அந்த இடத்தில்தான் போனாள், அப்போது பத்மஜாவுக்குப் பன்னிரண்டு வயசு, அத்தையின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். மேடம் மாசக் கோடைப் புழுக்கத்தில்கூட அந்த வீட்டில் யாரும் கூடத்தில் பாய் விரிக்க மாட்டார்கள். சாவித்ரியைக் கூடத்துக்குத் தூக்கினால் சாவித்ரிக்குத் தெரிந்துவிடும். கூடத்தில் அவளைப் பார்த்தால் பத்மஜாவுக்குத் தெரிந்துவிடும். இரண்டு பொய்யும் ஒரே நிமிஷத்தில் உடைந்துவிடும்.

ஆகவே ஆளை நகர்த்த முடியாது, வைஃபையைத்தான் நகர்த்த வேண்டும். பழவங்காடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த பிச்சைக்கனியைக் கூப்பிட்டார். நாகர்கோவில் பக்கத்து ஆள். வந்ததும் வராததுமாக, "வைஃபை எதுக்கு சாமி, நீள வயர் ஒண்ணு இழுத்து லாப்டாப்பில குத்திட்டாப் போச்சு," என்றார்.

ராமசுப்ரமணியன் தலையைக் குனிந்துகொண்டார். லாப்டாப்பின் பக்கவாட்டில் வயர் குத்துகிற துளையை அவர் முந்தின நாளே ஒரு வழி பண்ணியிருந்தார். எந்த வயரை எங்கே குத்துவது என்று தெரியாமல், பொருந்தாததை அழுத்தி, அழுத்தியது மாட்டிக்கொண்டு, இடுக்கியால் பிடுங்கி. உள்ளே கம்பியெல்லாம் வளைந்து கிடந்தது. பிச்சைக்கனி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வேறு வழி யோசிக்க ஆரம்பித்தார், நல்ல மனுஷன்.

அடுத்து டெலிபோன் வயரையே உள்ளே நீட்டிப் பெட்டியைக் கொல்லைப்புறத்துக்குக் கொண்டுபோனார்கள். மழை ஈரத்தில் ஊறின பழைய லைன். நீட்டியதும் பெட்டியில் பச்சை விளக்கு நாலு தடவை சிமிட்டிவிட்டு அணைந்தது. புது லைன் இழுக்க டெலிபோன் ஆபீசில் எழுதிக் கொடுத்தார், அங்கே இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். இரண்டு வாரத்துக்கு எங்கே போக?

"அப்போ ஒரே வழி, நடுவுல பெட்டி வைக்கணும்," என்றார் பிச்சைக்கனி. "முதல் பெட்டி சொல்றதை ரெண்டாவது கேட்டு, மூணாவதுக்குச் சொல்லும். மூணாவது அம்மா ரூமுக்குச் சொல்லும். மனசிலாச்சா?"

மனசிலாச்சு. அன்றைக்கே ராமசுப்ரமணியன் ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டார். லாப்டாப்பைத் தாம்பாளம் மாதிரி இரண்டு கையிலும் ஏந்தி வீடு முழுக்க நடந்தார். திரை மூலையில் வைஃபை நாலு கோடு காட்டும் இடத்தில் தரையில் 4 என்று எழுதினார், மூன்று காட்டும் இடத்தில் 3. கூடம் முழுக்க 4. சமையல்கட்டு வாசலில் 3. அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் 2. அரிசி மூட்டை வைக்கிற மூலையில் 1. அறை வாசலில் 0. தபால் பிரிவுக்காரர், எல்லாவற்றுக்கும் தேதியும் போட்டார். வீட்டு வேலைக்கு வருகிற அம்மிணி காலையில் துடைக்கப் போனால், "அதை அழிக்காதே," என்று ஓடி வந்தார். அவள் எண்களைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போனாள்.

"ஏன்னா, அங்கே என்ன நடந்துண்டே இருக்கேள்?" என்று உள்ளேயிருந்து சாவித்ரி கேட்பாள்.

"ஒண்ணுமில்லை. பத்மஜாவை உனக்குக் காட்டணுமோல்லியோ, அதுக்குத்தான்."

"கொழந்தையைப் பாக்கலாமா?" என்பாள். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு அவர் சமையல்கட்டுக்குப் போய் நின்று அழுவார். ஆறு நாளாக அவள் கஞ்சித்தண்ணிக்கு மேல் இறக்கவில்லை. கேட்கிறதைக் கொடுங்க என்று டாக்டர் சொன்னாரே, அவள் கேட்டது இந்த ஒன்றைத்தான்.

வியாழக்கிழமை பிச்சைக்கனி இரண்டு பெட்டியோடு வந்தார். ஒன்று கூடத்து நிலைப்படிக்கு மேல், ஒன்று சமையல்கட்டில் மிக்ஸி பிளக்கில். கொல்லைப்புற அறையில் லாப்டாப்பைத் திறந்தால், ஐயோ, நாலு கோடு. ராமசுப்ரமணியன் பிச்சைக்கனியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. வாசலில் இருந்த 0 வைக் காலால் தேய்த்து அழித்துவிட்டு 4 என்று எழுதினார்.

சந்தோஷம் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. நாகர்கோவிலில் இருக்கும் தம்பியைக் கூப்பிட்டுப் பரீட்சை பார்த்தார் பிச்சைக்கனி. குரல் துண்டு துண்டாக வந்தது. முகம் வந்தது, ஆனால் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்து நின்றது. பிறகு கட்டம் கட்டமாகச் சிதறிப் போய்விட்டது.

"கோடுதான் நாலும் இருக்கே ஐயா," என்றார் ராமசுப்ரமணியன்.

"கோடு பக்கத்துப் பெட்டியோடது சாமி. ஒவ்வொரு பெட்டியும் கேக்கறதுக்குப் பாதி, சொல்றதுக்குப் பாதின்னு எடுத்துக்கும். கடைசி ரூமுக்கு வரும்போது மிச்சம் கொஞ்சம்தான். படமில்லாமப் பேசலாம். படம் பாக்க அது போதாது." பிச்சைக்கனி வெள்ளிக்கிழமையும் வந்து பெட்டிகளை மேலே ஏற்றினார், கீழே இறக்கினார், ஜன்னல் வழியாகக் கொல்லையைச் சுற்றிப் பார்த்தார். போகும்போது, "நடுவுல அந்த ஒரு சுவர் மட்டும் இல்லேன்னா கதை வேற," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் ராமசுப்ரமணியன் கொல்லையிலிருந்து கடப்பாரையை எடுத்து வந்தார். சமையல்கட்டுக்கும் அந்த அறைக்கும் நடுவில் இரண்டடி கனத்தில் செங்கல்லும் மண்ணும் சுண்ணாம்புமாக நின்ற சுவர், அவர் தாத்தா கட்டியது. வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குத்தினார். வாழ்நாளில் பேனாவுக்கு மேல் கனமாக எதையும் பிடிக்காத கை. பத்து குத்துக்கு ஒரு கைப்பிடி காரை உதிர்ந்தது. உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது, அவர் நிறுத்தவில்லை. அம்மிணி ஓடி வந்து கடப்பாரையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாமி, மதி, போதும். அம்மா விளிக்குது."

முகமெல்லாம் சுண்ணாம்போடு உள்ளே போனார். சாவித்ரி கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"என்ன சத்தம்?"

"எலி வளை. அடைக்கறேன்," என்றார்.

அவள் அவர் முகத்துச் சுண்ணாம்பைப் பார்த்தாள். "அல்சருக்கு யாராவது சுவத்தை இடிப்பாளா?" என்றாள்.

அவர் கட்டில் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவள் கையை நீட்டி, எட்டிய இடத்தில் அவர் தோளில் வைத்தாள்.

"எனக்கு ஆஸ்பத்திரியிலேயே தெரியும். நீங்க பாவம் இவ்வளவு சிரமப்பட்டுச் சொல்றேளேன்னு கேட்டுண்டேன். நாளைக்கு என்னைக் கூடத்துக்குத் தூக்கிண்டு போங்கோ."

"வேண்டாம் சாவித்ரி."

"என்னிக்கானாலும் போகவேண்டிய இடம்தானே. ரெண்டு நாள் முன்னாடி போனா கொழந்தை மூஞ்சியைப் பாத்துட்டாவது கிடப்பேன். இங்கே கிடந்தா அதுவும் இல்லை."

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அவரும் அம்மிணியுமாகப் போர்வையில் வைத்து அவளைத் தூக்கினார்கள். தூக்க என்ன இருந்தது, எலும்புதான். அவள் வழியெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மூன்று, நாலு என்று வாய்க்குள் படித்தாள்.

கட்டில் வாசல் வழியே வராது என்பதால் மெத்தையைத் தரையில் போட்டார்கள். தெற்கே தலை வைக்க அவர் விடவில்லை, கிழக்கே வைத்தார். அத்தோடு நிற்காமல், கொல்லைப்புற அறையில் இருந்த காலண்டரைக் கழற்றி வந்து கூடத்துச் சுவரில் மாட்டினார். அங்கே இருந்த மருந்து ஸ்டூலைக் கொண்டு வந்து தலைமாட்டில் வைத்தார். தூண் தெரியாமல் ஒரு பச்சைப் புடவையைக் கொடியில் தொங்கவிட்டார். பத்மஜா பார்க்கும்போது அது கொல்லைப்புற அறையாகவே இருக்க வேண்டும். சாவித்ரிக்கு அம்மிணி பொட்டு வைத்து, கன்னத்தில் கொஞ்சம் பவுடரும் போட்டாள்.

ஏழு மணிக்குக் கம்ப்யூட்டரில் மணி அடித்தது. அவர் லாப்டாப்பை முக்காலியில் வைத்து, முகம் நன்றாகத் தெரிகிற மாதிரி சாய்த்தார். படம் வந்தது. பளிச்சென்று, மூக்குத்தி மின்னுவது வரை தெரிந்தது. பத்மஜா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா," என்றாள். சிரித்தாள். சாவித்ரியும் சிரித்தாள். பிறகு பத்மஜாவின் கண் அம்மாவின் முகத்தை விட்டு நகர்ந்தது. காலண்டருக்குப் போயிற்று, புடவைக்குப் போயிற்று, மெத்தையின் ஓரத்துக்கு வந்து நின்றது. மெத்தைக்கு அப்பால் சிவப்புச் சிமெண்ட் தரை ஒரு சாண் அளவு தெரிந்தது. அதில் கறுப்பு பார்டர். அந்த வீட்டில் கறுப்பு பார்டர் உள்ள தரை ஒன்றே ஒன்றுதான். ராமசுப்ரமணியன் எல்லாவற்றையும் மறைத்தார், தரையை மறந்துவிட்டார்.

அவள் அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. "அப்பா," என்றாள். "அம்மாவை ஏன் கூடத்திலே போட்டிருக்கே?"

அவர் வாயைத் திறந்தார். இத்தனை நாளாகத் தடையில்லாமல் வந்த பொய், அந்த நேரத்துக்கு ஒன்றுகூட வரவில்லை. பத்மஜாவின் கை தன் வயிற்றின் மேல் போய் நின்றதை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாவித்ரிதான் பதில் சொன்னாள்.

"அவரை ஏண்டி கேக்கறே. உள்ளே எட்டு நாளாப் போராடிப் பாத்தார், வெறும் கோடுதான் வந்தது. உன் மூஞ்சி இங்கேதாண்டி வரது. அதனாலே நானே வந்தேன்."

பத்மஜா முகத்தை மூடிக்கொண்டாள். அழுகைச் சத்தம் துண்டுபடாமல், முழுசாக, கூடம் நிறைய வந்தது. சாவித்ரி அதை அடக்கச் சொல்லவில்லை. அது கொஞ்சம் ஓயும் வரை காத்திருந்தாள்.

"போறும். அழுதா உள்ளே இருக்கறதுக்கு ஆகாது," என்றாள். "அந்தக் காமிராவைக் கொஞ்சம் கீழே இறக்கு. வயிறு பாக்கணும்."

பத்மஜா இறக்கினாள். படம் ஒரு இடத்திலும் உறைந்து நிற்கவில்லை.