ரபாயேல் ருசி பார்த்த லொவிச் சம்பல்

எல்கடுவைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கல்யாணமோ கருமாதியோ, அம்மன் திருவிழாவோ மாதா திருநாளோ, பெரிய சட்டி அடுப்பில் ஏறினால் ரபாயேலுக்குத்தான் ஆள் வரும். சமைப்பதற்கு அல்ல. அந்த மனிதருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. உப்புப் பார்ப்பதற்கு. அகப்பையிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கி, கண்ணை மூடி, "புளி காணாது" என்பார். புளி காணாமல்தான் இருக்கும். பெக்டரியில் காலமெல்லாம் கொழுந்து வாட்டிய ஆளுக்கு அங்கே யாரும் மாலை போட்டதில்லை. அவருடைய பெருமையெல்லாம் அந்த நாக்கில்தான் இருந்தது. வெற்றிலையும் அதே வாயில்தான் இருந்தது. எத்தனை பேர் சொல்லியும் அவர் அதை விடவில்லை, கடைசியில் அது கன்னத்துக்குள் புற்றாக வந்து உட்கார்ந்தது.

அவரைக் கட்டிக்கொண்டவள் மார்ஜரி. கொழுந்து பறித்தவள், பிறகு உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் பழைய துரை பங்களாவின் குசினியில் சமையல் கையாளாகப் போனவள். அங்கே ஒரு நத்தாருக்கு, இயேசு பிறப்புத் திருநாளுக்கு, வந்து தங்கிய வெள்ளைக்கார அம்மா ஒருத்தி, ஐஸ் பெட்டிக்குள் ஒரு பை நிறையச் சிவப்புப் பழம் கொண்டுவந்திருந்தாள். கிரான்பெரி என்றாள். ஆரஞ்சுத் தோடம்பழத்தைத் தோலோடு சேர்த்துப் பொடியாக அரிந்து, சீனி போட்டுக் கிளறி, அப்படியே மூடி வைக்கச் சொன்னாள். அடுப்புப் பக்கமே போகக் கூடாதாம். இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ள இதுவாம். அடுப்பு ஏறாத ஒன்றை மேசையில் வைப்பதா என்று மார்ஜரிக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் ஒரு கரண்டி வாயில் போட்டதும் சிரித்துவிட்டாள். "அட, இது நம்ம லொவிக்குத் தங்கச்சி!"

லொவி மரம் இவர்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னாலேயே நின்றது. கோலிக்குண்டு அளவில் சிவந்த பழம், கடித்தால் பல்லெல்லாம் கூசும். அடுத்த நத்தாருக்கு மார்ஜரி அதில் கை வைத்தாள். வெள்ளைக்கார அம்மா சொன்னது பாதி, தோட்டத்து வழக்கம் பாதி. ஒவ்வொரு பழத்தையும் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, மெத்தென்று ஆகும்வரை உருட்டுவாள். உருட்டினால்தான் துவர்ப்பு இறங்கும். பிறகு கொட்டை எடுத்து, அரிந்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுப் பிசறி, தோடம்பழத் தோலைத் துருவி, பச்சை மிளகாயும் இஞ்சியும் கறுவாப்பட்டைத் தூளும் சேர்த்து, கடைசியாகச் சீனி. அதுதான் லொவிச் சம்பல். பூசைக்குப் போய்வரும் நேரத்துக்குள் அது தன்பாட்டில் ஊறி நிற்கும். மஞ்சள் சோறும் கோழிக்கறியும் அதற்கு ஒரு சாட்டுத்தான்.

ஒரே ஒரு சங்கடம். மார்ஜரி பழைய காலத்து வேதக்காரி. பூசையில் நன்மை அப்பம் வாங்கும் நாளில் எழுந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் நாக்கில் படக் கூடாது அவளுக்கு. அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் போதும் என்று பாதரே சொல்லியும் கேட்கமாட்டாள். அதனால் நத்தார் காலையில் அந்தச் சம்பலை அவள் ருசி பார்ப்பதே கிடையாது. அதைச் செய்வது ரபாயேல். "நான் கோயில்ல கடைசி வாங்குல குந்துற கத்தோலிக்கன், எனக்கு மன்னிப்பு உண்டு" என்று சொல்லிக்கொண்டு கரண்டியை நீட்டுவார். அவர் தலையாட்டினால்தான் கிண்ணத்துக்கு மூடி விழும்.

இந்த வருடம் கண்டி ஆஸ்பத்திரியில் புற்றுக்குக் கதிர் பாய்ச்சும் கரண்ட் பிடித்து முடித்து அவர் வீடு வந்தபோது வாயெல்லாம் வெந்திருந்தது. மூக்குவழியாகக் குழாய் வைத்துத்தான் பால் போனது. அந்தக் குழாயை ஒரு தடவை அவரே பிடுங்கி எறிந்து, இரத்தம் கொட்டி, லயமே கூடிவிட்டது. பிறகு புண் ஆறியது. குழாயை எடுத்தார்கள். இனிமேல் வாயால் சாப்பிடலாம், சாப்பிட்டே ஆக வேண்டும் என்றார்கள். தைப் பிறப்புக்கு முன் வரும் கிளினிக்கில் நிறுத்துப் பார்ப்பார்கள். இன்னும் இளைத்திருந்தால் திரும்பவும் குழாய்தான்.

"கொழாய் வச்சா நான் மரத்துல தொங்கிருவேன்" என்றார் ரபாயேல். விளையாட்டுக்குச் சொல்கிற குரல் இல்லை அது.

அன்றிலிருந்து மார்ஜரிக்கு உயிர் அவருடைய தட்டில் கிடந்தது. குழையக் குழையக் கஞ்சி, மீன் சொதி, முட்டை, பருப்பு, எதை வைத்தாலும் இரண்டு வாய். பிறகு தட்டைத் தள்ளுவார்.

"என்ன இது, மண்ணு மாதிரி இருக்கு?"

"உப்புக் காணாதாங்க? போடவா?"

"ஒண்ணும் வேணாம். ஒனக்குக் கை மரத்துப்போச்சு."

"வாய்க்கு ருசி தெரியுதாங்க?"

"தெரியாம என்ன! தெரியிறதாலதானே சொல்றேன்!"

மிளகாய் பட்டால் மட்டும் துள்ளுவார். அவள் மிளகாயை அடியோடு விட்டாள். அப்படியும் தட்டு தள்ளித்தான் வந்தது. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். இந்த மனிதருக்குப் பசியே அல்லவா பறந்துபோய்விட்டது. தோள் எலும்பு சட்டைக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றது. அவரைக் குளிப்பாட்டும்போது மார்ஜரி கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தாள்.

பக்கத்துக் காம்பராவில் இருக்கும் நல்லம்மாவிடம் ஒருநாள் சட்டியையே தூக்கிக்கொண்டு போனாள். "நல்லம்மாக்கா, உண்மையச் சொல்லுங்க. என் கையில ருசி செத்துப்போச்சா?"

நல்லம்மா ஒரு வாய் போட்டுப் பார்த்து, "நல்லாத்தானே புள்ள இருக்கு?" என்றாள்.

இரக்கப்பட்டுச் சொல்கிறாள் என்றுதான் மார்ஜரி நினைத்தாள். அந்த நாக்குச் சொன்னால் அதற்கு மேல் ஏது தீர்ப்பு? வஹகோட்டை அந்தோனியாருக்கு நேர்ந்து, மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். இரவில் படுத்தால் அந்தக் குழாய்தான் கண்ணில் வந்து நின்றது.

மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று. லொவிச் சம்பல். நல்ல காலத்தில் கிண்ணத்தை விரலால் வழித்துத் துடைத்தவர் அல்லவா? அதுவும் அவருக்கு இறங்காவிட்டால் பிறகு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. யோசிக்கவும் பயமாக இருந்தது.

நத்தார் காலையில் விடிந்தும் விடியாமலும் பழத்தோடு குந்திவிட்டாள். மிளகாயும் வேண்டாம், இஞ்சியும் வேண்டாம், அவருக்கு எரியும். பழத்தை மட்டும் எந்த வருடமும் உருட்டாத உருட்டு உருட்டினாள். உள்ளங்கை சிவந்து எரிந்தது. கட்டுநாயக்கவில் கார்மெண்டில் வேலை செய்யும் மகள் ஜெனிஸ்டா லீவில் வந்திருந்தாள். "விடுங்கம்மா, கை பிஞ்சிறப் போகுது" என்றாள். மார்ஜரி காதில் விழவில்லை. அரிந்தாள், உப்புப் பிசறினாள், தோலைத் துருவினாள், கோப்பையில் சீனியை அளந்து பக்கத்தில் வைத்தாள். அந்த நேரம் பார்த்து முன் காம்பராவில் ரபாயேலுக்குத் தேத்தண்ணி புரையேறியது. மூச்சு இழுத்துக்கொண்டு, முகம் நீலமாகப் போனது. மார்ஜரி ஓடினாள். நெஞ்சைத் தடவி, முதுகைத் தட்டி, அவருக்கு மூச்சு வந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

திரும்பி வந்தபோது ஜெனிஸ்டா குசினியை ஒதுக்கி வைத்திருந்தாள். சீனிக் கோப்பை அங்கே இல்லை. அப்படியானால் ஓடும் முன்பே போட்டாகிவிட்டது என்று நினைத்து, நன்றாகக் கிளறி, கரண்டியோடு முன் காம்பராவுக்குப் போனாள். 

"பாத்துச் சொல்லுங்க."

ரபாயேல் அவள் முகத்தைப் பார்த்தார். சிவந்த கையைப் பார்த்தார். பிறகு கரண்டியை வாங்கி வாயில் வைத்து, பழையபடி கண்ணை மூடினார். வெகுநேரம் மூடியே இருந்தார்.

"என்னங்க?"

"கணக்கா இருக்கு."

"சீனி?"

"சீனிதான்டி இதுல விசேசமே. புளிப்பும் சீனியும் கைகோத்துக்கிட்டு நிக்குதுங்க. எந்த வருசமும் இப்படி அமையல." இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார்.

மார்ஜரி கோயிலுக்கு நடக்கவில்லை, பறந்தாள். பூசை முழுக்க அழுதுகொண்டே இருந்தாள். என் கையைத் திருப்பித் தந்தாயே, அவர் வாயைத் திறந்தாயே ஆண்டவரே என்று நன்றி சொல்லிச் சொல்லி ஓயவில்லை. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நெஞ்சில் இருந்த கல் இறங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது நல்லம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு உட்கார்ந்திருந்தாள். எந்த நத்தாருக்கும் அவளுக்கு இங்கேதான் சாப்பாடு. மார்ஜரி குசினிக்குள் போய், கிண்ணத்தின் மூடியைத் திறந்து, முதல் வேலையாக ஒரு கரண்டி வாயில் போட்டாள்.

பல் கூசியது. காது அடைத்தது. பச்சைப் புளிப்பும் உப்பும் தொண்டையைப் பிடித்துக்கொண்டன. துப்பிவிட்டாள். அதில் ஒரு பருக்கை சீனி இல்லை.

"அம்மா, இதத் தேடுறீங்களா?" சுவர்த் தட்டின் மேல் அடுக்கிலிருந்து ஜெனிஸ்டா கோப்பையை எடுத்துக் காட்டினாள். "தேத்தண்ணிக்கு அளந்து வச்சிருக்கீங்கன்னு மேல எடுத்து வச்சேன்."

கோப்பை விளிம்பு வரை இருந்தது.

மார்ஜரி கோப்பையை வாங்கிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். சீனிதான் விசேசம் என்றாரே. புளிப்பும் சீனியும் கைகோத்து நிற்கின்றன என்றாரே. அவருக்கு எதுவும் தெரியவில்லை. இத்தனை மாதமும் தெரியவில்லை. மண் மாதிரி என்று சொன்னது திட்டு இல்லை, உள்ளது உள்ளபடி. ஊருக்கே உப்புப் பார்த்த நாக்கு செத்துக் கிடந்திருக்கிறது. அதைச் சொல்ல வாய் வராமல், குற்றத்தை இவள் கையில் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்திருக்கிறார் பாவி மனிதர். இன்றைக்கு மட்டும், இவள் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, இவளுக்காக நாக்குத் தெரிந்தவர் மாதிரி நடித்திருக்கிறார். அவர் மேல் கோபமும் வந்தது, கட்டிக்கொண்டு கதற வேண்டும் போலவும் வந்தது. எதற்காகக் கோயிலில் அவ்வளவு நன்றி சொன்னோம் என்று நினைத்தபோது அழுகைகூட வரவில்லை.

முன் காம்பராவில் ரபாயேலின் குரல் கேட்டது. "சீக்கிரம் கொண்டா! நல்லம்மா காத்துக்கிட்டிருக்கு. நான் காலையிலயே பாத்தாச்சு நல்லம்மா, சாப்புட்டுப் பாரு, அப்புறம் சொல்லு."

ஜெனிஸ்டா கிண்ணத்தில் விரலைத் தொட்டு வாயில் வைத்து முகத்தைச் சுளித்தாள். உடனே விளங்கிவிட்டது அவளுக்கும். "அம்மா... அப்பா காலையில நல்லாருக்குன்னு..."

"வாய மூடு" என்றாள் மார்ஜரி மெதுவாக. "ஒரு வார்த்த வெளிய வரக் கூடாது."

கோப்பைச் சீனி முழுவதையும் கொட்டினாள். கரையும்வரை கிளறினாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, கிண்ணத்தை எடுத்துப்போய்ப் பரிமாறினாள்.

நல்லம்மா சாப்பிட்டுப் பார்த்து, "அடி ஆத்தே, தேனா இருக்கு!" என்றாள்.

ரபாயேல் தட்டை நீட்டினார். கண்ணை மூடிச் சுவைத்தார். எல்லாரையும் ஒரு தடவை பெருமையாகப் பார்த்துவிட்டு, "பாத்தீங்களா? காலையில பாத்த அதே ருசி. கொஞ்சங்கூட மாறல" என்றார்.

ஜெனிஸ்டா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமாங்க" என்றாள் மார்ஜரி. "நான் ஒண்ணும் மாத்தல."

"நத்தாரு அன்னிக்கி ஏன்டி கண்ணு கலங்குது?"

"சந்தோசங்க."

அவர் அதை நம்பினார். நம்பி, சோற்றையும் பிசைந்து சாப்பிட்டார். நல்லம்மா முன்னால் தட்டைத் தள்ள அவருக்கு மனம் வரவில்லை.

மறுநாளிலிருந்து மார்ஜரி சட்டியை இறக்கியதும் முதல் கரண்டியை அவரிடம் கொண்டுபோய் நீட்டுகிறாள். கிளினிக்குக்கு இன்னும் நாள் இருக்கிறது.

"பாத்துச் சொல்லுங்க, எனக்கு ஒண்ணும் புரிய மாட்டேங்குது."

அவர் கண்ணை மூடுவார். "உப்பு ஒரு கல்லுக் காணாது."

அவள் குசினிக்குள் போவாள். உப்புச் சாடியைத் தொடமாட்டாள். சுவரைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் நின்றுவிட்டு, அதே கரண்டியோடு திரும்பி வருவாள்.

"இப்ப?"

"இப்பத்தான் சரி" என்பார் ரபாயேல். சொன்ன வார்த்தைக்காகத் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிடுவார்.