நூற்றிருபதுக்கு மேல் எண் கிடையாது

சரக்குக் கிடங்கில் மூட்டைகளுக்கு எடை போடுகிறவர் அந்த அக்கா. இருபத்திரண்டு வருடமாக அதே இரும்புத் தராசு, அதே ஸ்டூல். சுமைக்காரர் சர்க்கரை மூட்டையைத் தோளிலிருந்து இறக்கும் முன்பே, "ஒண்ணே முக்கால் கிலோ குறையுது, எங்க சிந்துச்சு?" என்று கேட்டுவிடுவார். சுமைக்காரர்கள் முகத்துக்கு நேரே அக்கா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் லாரி. அது அவருக்கும் தெரியும். "லாரி போற வழியில நிக்காதீங்கடா, நசுங்கிடுவீங்க" என்பார்.

வலது விலாவுக்குக் கீழே வலி வந்தது. தங்கையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பெரிய மருத்துவமனைக்குப் போனார். காத்திருப்போர் கூடத்து நாற்காலிகளுக்கெல்லாம் இரண்டு பக்கமும் கைகள். மெலிந்தவர்கள் உருண்டு விழுந்துவிடக் கூடாதே என்கிற கருணை. அக்கா மூன்று மணி நேரம் நின்றார். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை அவர் கையைச் சுற்றியதும் பட்டென்று பிரிந்தது. நர்ஸ் பரிவோடு பார்த்தது பட்டையைத்தான்.

டாக்டர் எழவில்லை, வயிற்றைத் தொடவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே நோயைக் கண்டுபிடித்துவிட்டார்.

"நடக்கணும்மா. வாயைக் கட்டணும்."

"வலி இங்க இருக்கு டாக்டர். கொஞ்சம் தொட்டுப் பாருங்களேன்."

"அத்தனை சதைக்கும் அடியில கையில என்ன தட்டுப்படும்? ஸ்கேன் எழுதறேன்."

எழுதினார், குறை சொல்லக் கூடாது. ஆனால் ஸ்கேனுக்கு முன் ஒரு ஊசி. ஊசியின் அளவுக்கு நோயாளியின் எடை வேண்டும். எடைக் கருவியோ நூற்றிருபதோடு ஓய்ந்துவிடும். முள் ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. நர்ஸ் 'நூற்றிருபதுக்கு மேல்' என்று அடித்துப் பார்த்தார். அந்தக் கட்டத்தில் எண்ணைத் தவிர வேறெதுவும் விழாது என்று கணினி மறுத்துவிட்டது.

"குறைச்சுட்டு வாங்க. முள் நகர்ந்ததும் ஸ்கேன்."

மறுநாள் அக்கா தன் தராசிலேயே ஏறினார். "லோடு எங்கக்கா போகுது?" என்று சுமைக்காரர்கள் கை தட்டினார்கள். நூற்று முப்பத்தொன்று. முத்திரை குத்திய சீட்டோடு மருத்துவமனைக்குப் போனார்.

"இது மூட்டைக்கு உள்ள தராசு, செல்லாது" என்றார் நர்ஸ்.

"மூட்டைக்குப் பொய் சொல்லாதது எனக்கு மட்டும் சொல்லுமாம்மா?"

சீட்டைக் கோப்பில் வைத்துக்கொண்டு ஆளைத் திருப்பி அனுப்பினார்கள்.

அதன்பின் எடை தானாகவே இறங்கியது. இரண்டே மாதத்தில் நூற்றுப் பத்தொன்பது. முள் நகர்ந்துவிட்டது. டாக்டர் முதல்முறையாகப் பல் தெரியச் சிரித்தார்.

"சபாஷ்! இந்த வேகத்துல போனா ஸ்கேனே தேவையில்ல" என்று சீட்டில் எழுதியிருந்த ஸ்கேனை அடித்தும்விட்டார்.

"நான் ஒண்ணுமே செய்யல டாக்டர். சாப்பாடே இறங்கல. மூட்டை இப்படிக் குறைஞ்சா எங்கயோ ஓட்டைன்னு சொல்லுவோம்."

"நல்லா பேசறீங்க!"

உடனே ஒரு போட்டோ. 'மனம் வைத்தால் முடியும்' என்ற வாசகத்தோடு கூடத்துச் சுவரில் ஏறியது. ஆரம்ப எடை 131 என்று கீழே போட்டார்கள். அதற்கு மட்டும் மூட்டைத் தராசு செல்லுபடியானது. ஒவ்வொரு முறை அவர் வரும்போதும் அடுத்த எண்ணைத் திருத்தினார்கள்.

"போட்டோவுல கொஞ்சம் சிரிச்சிருக்கலாம்ல?" என்றாள் தங்கை.

"வலிக்குதுடி."

தொண்ணூற்றிரண்டுக்கு வந்தபோது கண் மஞ்சளானது. இப்போது ஸ்கேனுக்குத் தடையேதும் இல்லை. கணினி எண்ணை ஆசையாக வாங்கிக்கொண்டது. ஈரலில் முஷ்டி அளவு கட்டி. அங்கிருந்து எங்கெங்கோ பரவியிருந்தது.

"ஆறு மாசம் முன்னாடியே பார்த்திருந்தா?" என்று தங்கை கேட்டாள்.

"அப்ப எடை இருந்துச்சே" என்ற டாக்டர், அக்காவிடம் திரும்பினார். "இனிமே நல்லா சாப்பிடணும். மருந்தைத் தாங்க உடம்புல கொஞ்சம் சதை வேணும்மா."

"கொண்டுதானே வந்தேன் டாக்டர். நீங்கதான் வேணாம்னீங்க."

அக்கா இறந்த மூன்றாவது வாரம், பருத்த வேன் டிரைவர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அதே கூடத்தில் நின்றிருந்தார். நர்ஸ் சுவரைக் காட்டினார்.

"பாருங்க, ஆறே மாசத்துல நாப்பது கிலோ! உங்களுக்கு மனசில்ல, அவ்வளவுதான்."

டிரைவர் படத்தைப் பார்த்தார். "இப்ப எப்படி இருக்காங்க?"

"இன்னும் குறைஞ்சிருப்பாங்க" என்றார் நர்ஸ்.