கதவை விட்டு நகராத ரௌஷான்

ரௌஷான் பேருந்தில் நடத்துநராகச் சேர்ந்தபோது ஊரில் பாதிப் பேர் சிரித்தார்கள். "ஆட்டுக்கு வைக்கோல் போட்டவ ஆளுக்குச் சீட்டுக் கிழிக்கப் போறாளாம்" என்றார்கள். புருஷனும் போய், மந்தையும் கைவிட்டுப் போன பிறகு அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. சிரித்தவர்களையும் ஓசியில் ஏற்றவில்லை. கண்டிப்பானவள் என்று கஸாக் சமவெளியின் அந்தத் தடம் முழுக்கப் பெயராகிவிட்டது.

அந்தத் தை மாதக் காலையில் பாதி வழியில் புரான் என்னும் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. பேய்க்காற்று பனியை வாரிக்கொண்டு வந்தால் வானம் எது, தரை எது என்று தெரியாது. சாலையோரக் கம்பங்கள் மறைந்ததும் ஓட்டுநர் எர்மெக் வண்டியை நிறுத்திவிட்டார்.

குதிரை வியாபாரி மெயிராம் எழுந்தான். பனங்கட்டை மாதிரி உடம்பு.

"ரயில் ஸ்டேஷன் கூப்பிடுற தூரம்தான். கோழி மாதிரி அடைஞ்சு கெடக்கிறதுக்கு நடந்தே போயிரலாம். யார் யார் வர்றீங்க?"

இரண்டு பேர் எழுந்தார்கள். ரௌஷான் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

"யாரும் எறங்கக் கூடாது."

"சீட்டுக் கிழிச்சதோட உன் வேலை முடிஞ்சுது. வழிய விடுக்கா."

"நீங்க வாங்கின சீட்டு டவுனுக்கு. அங்க போய்ச் சேர்ற வரைக்கும் நீங்க என் பொறுப்பு."

"எனக்கா வழி தெரியாது? எங்கப்பன் குதிரை மேலயே வளந்தவன் நான்."

"உங்களுக்கு வழி தெரியும் தம்பி. என் வீட்டுக்காரருக்கும் தெரியும். ஆட்டை அடைக்கப் போனவரு, சொந்த வாசலைத் தேடித் தேடியே செத்தாரு. பனி உருகினப்புறம்தான் கெடைச்சாரு. வைக்கப்போருக்கு அந்தப் பக்கம் கெடந்தாரு."

மெயிராம் முணுமுணுத்தபடி உட்கார்ந்தான்.

சூட்டுக்காக எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் கைக்குழந்தையோடு வந்தவள், "அக்கா, தலை வெடிக்குது. புள்ளையும் துவண்டு துவண்டு விழுறான்" என்றாள். ரௌஷானுக்கும் நெற்றி விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. பின்னால் புகைக்குழாயைப் பனி மூடியிருக்க வேண்டும். புகை உள்ளேயே திரும்புகிறது.

"எஞ்சினை நிறுத்துங்கண்ணே. காத்து அடிக்காத பக்கத்து ஜன்னலைத் தொறங்க" என்றாள். வண்டி இழுக்கும் கயிற்றை எடுத்து இடுப்பில் கட்டி, மண்வெட்டியைக் கையில் எடுத்தாள்.

மெயிராம் முன்னால் வந்தான். "மண்வெட்டியக் குடு. நான் போறேன்."

"நீங்க கயிறைப் பிடிங்க. நான் விழுந்தா உங்களால என்னை இழுக்க முடியும். நீங்க விழுந்தா யாரு இழுக்கிறது?"

மெயிராம் கயிற்றின் மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டான். எர்மெக் விட்டு விட்டு ஹாரன் அடிப்பதாகச் சொன்னார். அவளுக்குத் திசை தெரியட்டும் என்று.

வண்டியின் பக்கவாட்டைத் தடவியபடியே பின்னால் போய்ச் சேர்ந்தாள். குழாயைச் சுற்றி வெட்ட வெட்டப் பனி சரிந்தது. கடைசி வெட்டில் காற்று அவளைத் தூக்கி எறிந்தது. எழுந்து கையை நீட்டினாள், வண்டி இல்லை. எந்தப் பக்கமும் வெள்ளை. வீட்டுக்காரர் கடைசியாகப் பார்த்ததும் இதைத்தான் என்று நினைத்தாள். பயத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது. 'அவரை எடுத்துக்கிட்டே, போதும்' என்று பனியைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றைப் பற்றினாள். மறுமுனை இறுகியது. ஹாரன் கேட்ட பக்கமாக ஊர்ந்து வந்தவளை மெயிராம் கதவுக்குள் இழுத்துப் போட்டான்.

"நல்ல கனம்தான் நீ" என்றான்.

அதன்பின் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட்டுவதும் அணைப்பதுமாக இருந்தார்கள். ஓட்டுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் ஒருவர் கயிறு கட்டிப் போய்க் குழாயைச் சுத்தம் செய்தார். பொரித்த மாவுருண்டையும் காய்ந்த தயிர்க்கட்டியும் பையிலிருந்து பைக்கு மாறின. கண் சொருகியவர்களை ரௌஷான் உலுக்கி எழுப்பிக் கால்களைத் தட்ட வைத்தாள். வாயில் வந்தபடி திட்டினார்கள். "திட்டுங்க, நல்லது. வாய் சூடா இருக்கும்" என்றாள்.

மறுநாள் உச்சிவேளையில் பனி தள்ளும் வண்டி வந்து சேர்ந்தது. குழந்தை பாலுக்கு அழுதுகொண்டிருந்தது. எல்லோரும் தம் காலாலேயே இறங்கினார்கள். மெயிராம் மட்டும் படியில் தயங்கி நின்றான்.

"அக்கா, நேத்து நீ கதவை விட்டிருந்தா..."

"விடலையே. எறங்குங்க, பின்னால ஆள் நிக்குது."

பனி கடித்துக் கட்டுப் போட்ட ரௌஷானின் இரண்டு விரல் நுனிகளில் உணர்ச்சி திரும்பவேயில்லை. மகள் வேலையை விடச் சொல்லிக் கெஞ்சினாள். கட்டு அவிழ்ந்த வாரமே ரௌஷான் மீண்டும் பேருந்தில் ஏறினாள்.