காலர் அக்காவின் மேல் பொத்தான்

சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்குக் காலர் அக்கா என்று பெயர். காலர் தைப்பதில் அந்த லைனில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது ஒரு காரணம். எந்தப் புழுக்கத்திலும் கம்பெனி மேல்சட்டையின் முதல் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டே இருப்பாள் என்பது இன்னொன்று. உள்ளே என்ன புதையலா பூட்டி வைத்திருக்கிறாய் என்று பெண்கள் கேலி செய்வார்கள். அவளும் சிரித்து மழுப்பிவிடுவாள்.

பொத்தானுக்குக் கீழே நெஞ்சைப் பிளந்து தைத்த தழும்பு இருந்தது. இதய வால்வை மாற்றியிருந்தார்கள். அதில் ரத்தம் கட்டாமலிருக்க ஆயுளுக்கும் தினம் ஒரு மாத்திரை. இது தொழிற்சாலையில் ஈ காக்கைக்கும் தெரியாது. சிறுநீரகக் கோளாறோடு வேலை பார்த்த ஒருத்தி மிஷின்மேல் மயங்கி விழுந்தபோது, நோயாளிகளைக் கட்டிக்கொண்டு மாரடிக்க முடியாது என்று முதலாளி மறுநாளே அவளை அனுப்பிவிட்டார். காலர் அக்கா வீட்டிலோ முட்டி தேய்ந்துபோன கணவரும் கல்லூரிக்குப் போகும் மகளும் அவள் கையை நம்பித்தான் இருந்தார்கள்.

நெஞ்சுச் சளிக்கு மருந்து சாப்பிட்டு முடித்த கையோடு நாக்கில் வெள்ளை படிந்தது. வழித்தால் எரிந்தது. ஊசியில் கோக்க நூல் முனையை வாயில் நனைத்தால் அந்த வெள்ளையும் நூலில் ஒட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து மிஷின்காரி முகம் சுளித்ததும், அன்று மாலையே தெருமுனை மருந்துக்கடைக்குப் போனாள். கடைக்காரர் நல்ல மனிதர். நாக்கைப் பார்த்துவிட்டு, பூஞ்சைதான், தடவ ஜெல் தருகிறேன் என்றார். கொடுப்பதற்கு முன் கேட்கவும் கேட்டார்.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா? ரத்தம் உறையாம இருக்க, அந்த மாதிரி?"

வரிசையில் அவளுக்குப் பின்னால் லைன் சூப்பர்வைசர் நின்றிருந்தாள், தலைவலி மாத்திரை வாங்க.

"இல்லங்க. நான் எதுவும் சாப்பிடுறதில்ல."

வாயில் தடவுகிற பசைதானே, இது ஒரு மருந்தா என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். அங்கேதான் கெட்டாள். அந்த ஜெல்லுக்கும் அவள் மாத்திரைக்கும் ஏழாம் பொருத்தம். தடவியதில் உள்ளே இறங்குவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமே மாத்திரையை உடம்பிலிருந்து கழியவிடாமல் தேக்கிவைத்து, ரத்தத்தை உறையவே விடாமல் செய்துவிடும்.

வெள்ளை மறைந்தது. குமட்டியது, மருந்தென்றால் அப்படித்தான் என்று பொறுத்துக்கொண்டாள். தொடையில் நீலம் பாய்ந்தது. மேஜை விளிம்பில் இடித்திருக்கும் என்றாள். மாத்திரையின் அளவு சரிதானா என்று வழக்கமாகப் பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்கு லீவு கேட்கப் பயந்து, பாவி, அதையும் தள்ளிப்போட்டாள்.

ஒருநாள் வெள்ளைக் காலரின் முனைக்குக் கைத்தையல் போடும்போது ஊசி விரலைப் பதம் பார்த்தது. துணியில் பொட்டாக ரத்தம். தையல்காரிகளுக்கு இது புதிதில்லை. அவரவர் ரத்தக்கறைக்கு அவரவர் எச்சில் என்பது அவர்கள் கைப்பழக்கம். ஈரம் காயுமுன் துப்பித் தேய்த்தால் பீஸ் தப்பிவிடும். அவளும் துப்பினாள். எச்சிலே சிவப்பாக விழுந்தது. நம்பாமல் மறுபடி துப்பினாள். காலர் முழுக்கச் சிவந்தது. எழுந்திருக்கப் பார்த்தாள். தலைக்குள் பளீரென்று ஒரு வலி வெட்டியது. ஊசி நழுவியது, அதைப் பிடிக்க வலது கை வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தது சூப்பர்வைசர்தான். வழியெல்லாம் அவள் தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டு, வாயில் வழிந்த ரத்தத்தைத் தன் கைக்குட்டையால் துடைத்தபடி வந்தாள். இவள் ஏதாவது மருந்து சாப்பிடுகிறாளா என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணும் கிடையாது டாக்டர். கடையில அவங்களே சொன்னாங்க, நான் பின்னாடிதான் நின்னேன். கல்லு மாதிரி ஆளு."

காலர் அக்காவுக்கு எல்லாம் கேட்டது. அவள் சொன்ன பொய்யை இன்னொருத்தி நல்ல மனசோடு சொல்லிக்கொண்டிருந்தாள். மறுக்க நாக்கைப் புரட்டினாள்; குழறல்தான் வந்தது. இடது கையைத் தூக்கி மேல் பொத்தானைப் பிடித்தாள். வலிப்பு என்று நினைத்து நர்ஸ் அந்தக் கையை இறக்கிவிட்டாள். மறுபடி தூக்கினாள். பொத்தான் காஜாவில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. இருந்த பலத்தையெல்லாம் கூட்டி இழுத்ததில் அது அறுந்து தரையில் உருண்டது.

நர்ஸ் தழும்பைப் பார்த்துவிட்டு டாக்டரைக் கத்திக் கூப்பிட்டாள். சூப்பர்வைசரும் பார்த்தாள்.